ஞாயிற்றுக்கிழமைதோறும் செத்தவர்

உலகத்திலேயே அதிகத் தடவை செத்துப் பிழைத்தவர் எங்கள் காஞ்சிபுரத்துக்காரர். சந்தேகம் இருந்தால், எழுபதுகளில் சின்ன காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடமாடியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரே காலையில் கிணற்றில் விழுந்து செத்து, கரண்ட் அடித்துச் செத்து, பாம்பு கடித்தும் செத்து, வெயில் ஏறுவதற்குள் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு இட்லி சாப்பிடப் போன மனிதர் அவர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் டெட்பாடியார். முதலில் வெறும் டெட்பாடிதான். வயதில் மூத்தவரை அப்படி மொட்டையாகக் கூப்பிடலாமா என்று யாரோ ஒரு மரியாதைக்காரர் 'ஆர்' சேர்த்தார், அதுவே நிலைத்துவிட்டது. அவருக்கு இதில் பெருமைதான். வருத்தமெல்லாம் அவர் மனைவி பட்டம்மாளுக்கு. "மஞ்சளும் குங்குமமுமா நடமாடிக்கினு இருக்கேன், கடைத்தெருவுல என்னைப் பாத்து 'டெட்பாடியார் சம்சாரம் போவுது'ன்றானுங்க. இந்த அநியாயம் எந்த ஊர்லயாவது உண்டாம்மா?" என்று என் மனைவியிடம் மூக்கைச் சிந்துவார்.

இப்போது இவர் ஏன் நினைவுக்கு வந்தார் என்றால், போன மாதம் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் முதலுதவி வகுப்பு எடுத்தார்கள். பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பொம்மையைத் தரையில் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத பொம்மை. ஆளாளுக்கு அதன் நெஞ்சில் கையை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினார்கள். இந்தக் காலத்துக்கு இதுதான் சரியான முறை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேர் அத்தனை தப்பாக அழுத்தியும் அந்தப் பொம்மை வாயைத் திறந்து ஒரு திட்டு திட்டவில்லை. எனக்கு வகுப்பே ருசிக்கவில்லை.

டெட்பாடியார் தொழிலால் சாயக்காரர். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறையில் வேலை. நான் அப்போது நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தா. கோயில் திருவிழாக்களில் கூட்டத்தைச் சமாளிக்க ஊரில் ஒரு தொண்டர் படை திரட்டினார்கள். தண்ணீரில் விழுந்தவன், நெரிசலில் மயங்கியவன், பந்தல் விளக்கைத் தொட்டுவிட்டுத் தூக்கி எறியப்பட்டவன், இவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை என்ன செய்வது என்று தீயணைப்பு நிலையத்து ஆபீசர் ஒருவர் வந்து சொல்லிக்கொடுப்பார். நான் சேவை உள்ளத்தால் சேர்ந்தேன் என்று எழுதினால் என் மனைவியே சிரிப்பாள். கையில் தொண்டர் பட்டை கட்டியவன் கருட சேவையன்று கயிற்றுக்கு உள்ளே நிற்கலாம். பெருமாளைப் பக்கத்தில் பார்க்கலாம். அதற்காகத்தான் சேர்ந்தேன்.

முதல் நாள் வகுப்பிலேயே சிக்கல். "யாராச்சும் ஒருத்தர் வந்து மூச்சு நின்னுபோனவன் மாதிரி படுங்க" என்றார் ஆபீசர். ஒருவரும் அசையவில்லை. "தைரியமா வாங்கய்யா!" என்று அதட்டினார். எனக்குப் பக்கத்தில் நின்ற நெசவாளி மாணிக்கம், "சார், நல்ல நாளும் அதுவுமா எவன் சார் பொணமா படுப்பான்? வீட்ல தெரிஞ்சா உள்ள உடமாட்டாங்க சார்" என்றான். எல்லோரும் ஆமாம் போட்டோம். சாவைக் கூப்பிட்டு விளையாட்டுக் காட்டக்கூடாது என்று ஊரில் ஒரு பயம் உண்டு.

அந்த நேரத்தில் சைக்கிளில் ஈர நூல் மூட்டையோடு அந்தப் பக்கம் போனவர்தான் நம் ஆள். என்ன கூட்டம் என்று இறங்கி விசாரித்தார். ஸ்டாண்டு போட்டார். "எங்க சார் படுக்கணும்? நெழலா பாத்து சொல்லு. விடியக்காலத்துலேந்து அடுப்பண்ட நின்னு சாயம் காச்சிட்டு வர்றேன்" என்று குப்புறப் படுத்தார். ஆபீசர் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் குறட்டை வந்துவிட்டது. மூச்சு நின்றவனுக்குச் சிகிச்சை கற்க வந்த நாங்கள், குறட்டை விடும் பிணத்தைச் சுற்றி நின்று பயபக்தியோடு பாடம் கேட்டோம்.

அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமல் தானே வந்துவிட்டார். அதற்கடுத்த வாரமும் வந்தார். செத்துப்போவதில் தனக்கு ஒரு திறமை இருப்பதை மனிதர் கண்டுகொண்டுவிட்டார். வகை வகையாகச் செத்தார். கரண்ட் அடித்தவன் என்றால் விரல்கள் விறைக்கும். பாம்பு கடித்தவன் என்றால் கண் பாதி செருகும். தண்ணீரில் மூழ்கியவன்தான் அவருடைய உச்சம். ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீரைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு குப்புறப் படுப்பார். நாம் தலைமாட்டில் மண்டியிட்டு, அவர் முதுகில் தோள்பட்டை எலும்புகளின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்த வேண்டும். பிறகு முழங்கைகளைப் பிடித்துத் தூக்க வேண்டும். அழுத்தினால் மூச்சு வெளியே, தூக்கினால் மூச்சு உள்ளே. அந்தக் காலத்து முறை. சரியாக அழுத்தினால் அவர் வாயிலிருந்து தண்ணீர் வரும். தப்பாக அழுத்தினால் தண்ணீரை விழுங்கிவிட்டுத் திட்டுவார்.

அந்தத் திட்டு இருக்கிறதே! "மேல போ. இன்னும் மேல. டேய், அது இடுப்புடா, செத்தவனுக்குக் கிச்சுகிச்சு மூட்றியா?" "கிளார்க்கு, நீ இன்னா ரப்பர் ஸ்டாம்பு குத்தறியா? உடம்பை முன்னால குடுத்து அமுக்குபா." கண் மூடியே இருக்கும், முகம் மண்ணில் இருக்கும், திட்டு மட்டும் தரைவழியாக வந்துகொண்டே இருக்கும். ஆபீசர் ஒரு தரம் பொறுக்காமல், "யோவ், நீ செத்தவன்யா, பேசக்கூடாது" என்றார். "செத்தவன் நான். எனக்குத் தெரியாதா சார் எங்க அமுக்கினா வலிக்குதுன்னு?" என்று பதில் வந்தது. ஆபீசர் சிரித்துவிட்டார். அதன் பிறகு அவரும் பாதிப் பாடத்தைப் பிணத்திடமே விட்டுவிட்டு பீடி பற்றவைக்கப் போவது வழக்கமாயிற்று.

வாயோடு வாய் வைத்து ஊதும் முறையும் அப்போது புதிதாக வந்திருந்தது. எச்சில் என்று சிலர் பின்வாங்கினார்கள். டெட்பாடியாருக்கு எச்சிலில் ஆட்சேபணை இல்லை, வெங்காயத்தில்தான் ஆட்சேபணை. ஊத வருகிறவன் முதலில் அவர் மூக்குக்கு முன்னால் ஹா என்று ஊதிக் காட்ட வேண்டும். "பஜ்ஜி துன்னுட்டு வந்திருக்கான் சார் இவன். இவன் ஊதி நான் பொழைக்கறதுக்கு செத்தே கெடக்கறேன்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இன்னொரு வெறி அவருக்குக் கழுத்தின் மேல். மயங்கிக் கிடப்பவனைத் தூக்கும்போது தலை தொங்கக்கூடாது, ஒருவன் தலையையும் கழுத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்பது பாடம். எத்தனையோ பேர் அவரைத் தூக்கி, எத்தனையோ தரம் அவர் தலை தொங்கி, அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதில் வந்த வெறி அது. அவர்மேல் கை வைத்த உடனே, "கழுத்து! கழுத்து! கழுத்தப் புடிங்கடா பாவிங்களா!" என்று பிணம் அலறும். மைதானத்தைத் தாண்டிப் போகிறவர்கள் திடுக்கிட்டு நிற்பார்கள்.

பரீட்சைக்கு மதராஸிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். டெட்பாடியார் மல்லாந்து கிடந்தார். என் முறை. "இவரைப் பார்த்து என்ன தெரியுது?" என்றார் டாக்டர். நான் படித்ததை ஒப்பித்தேன். நகம் நீலம் பாரித்திருக்கிறது, மூச்சு அடைத்த அடையாளம், உடனே சுவாசம் தரவேண்டும். டாக்டர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே நகம், விரல், மணிக்கட்டு வரை நல்ல நீலம். அவர் முகம் மாறி, அவசரமாக நாடி பார்க்கக் கையைப் பிடித்தார். "பயப்படாதீங்க சார், மயில்கழுத்துக் கலரு. கல்யாணப் பொடவை ஆர்டரு. லேசுல போவாது" என்றது பிணம். அந்த டாக்டர் நல்ல மனிதர். உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், என்னையும் பாஸ் போட்டார். நாங்கள் படித்த காலம் முழுக்க டெட்பாடியார் கை ஒரு வாரம் தீப்பட்டவன் போல அரக்குச் சிவப்பாக இருக்கும், மறு வாரம் காமாலைக்காரன் போல மாம்பழ மஞ்சளாக இருக்கும். இயற்கையான நிறத்தில் ஒரு நோயாளியை எங்கள் வகுப்பு கடைசிவரை பார்க்கவில்லை.

மாணிக்கத்தின் பிரச்சினை வேறு. அவனுக்குத் தாளம் அருமையாக வந்தது. தறியில் பலகை அடிக்கும் கை அல்லவா? அழுத்து, தூக்கு, அழுத்து, தூக்கு என்று பிசகாமல் போவான். ஆனால் கொஞ்ச நேரம் போனதும் சட்டென்று நிறுத்திவிட்டு, இடது பக்கம் திரும்பிக் காற்றில் எதையோ திருகுவான். தறியில் சாண் அளவு நெய்ததும் நிறுத்தி, நெய்த சேலையை முன்னால் இருக்கும் படமரத்தில் சுற்றிக்கொள்ள வேண்டும். சிறு வயதிலிருந்து செய்த பழக்கம், கை தானாகப் போய்விடும். கீழே கிடப்பவர் கொஞ்சம் காத்துப் பார்ப்பார். "இன்னாபா நின்னுடுச்சி?" "சுத்திக்கறேன்ணா." "நான் இன்னா சேலையாடா? நீ சுத்தி முடிக்கறதுக்குள்ள என் உசுரு மாகறல் ஊரத் தாண்டிப் போயிருக்கும்டா!"

இப்படியாக எங்கள் படை தேறியது. எல்லோருக்கும் ஆபீசர் கையால் பேட்ஜ் குத்தினார்கள், டெட்பாடியாரைத் தவிர. அவர் ஒரு நாளும் யார் முதுகையும் அழுத்தியதில்லை, பரீட்சையும் எழுதியதில்லை. எந்நேரமும் கீழே கிடந்தவருக்கு எப்படி பேட்ஜ் தருவது?

அந்த வருஷம் தெப்பத் திருவிழாவுக்கு முந்தின நாள் காலை. குளத்தில் தெப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பீப்பாய்களை வரிசையாகச் சேர்த்துக் கயிறு போட்டு, மேலே பலகை அடிக்கிற வேலை. அதற்கென்றே தாமலிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஏரிக்கரை ஊர்க்காரர்கள், தண்ணீரில் தவளை மாதிரி. அவர்களில் கெட்டிக்காரன் முனுசாமி. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அவன் பெண்சாதி தூக்குச் சட்டியில் கஞ்சியோடு வந்து, அவன் கரையேறக் காத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். மாணிக்கமும் நானும் பேட்ஜ் தெரிய நடமாடிக்கொண்டிருந்தோம். டெட்பாடியார் தெப்பத்துக்கான கொடித்துணிகளுக்கு நீலச் சாயம் ஏற்றிக் கொண்டுவந்து கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். ஆபீசர் வேறு வேலையாக வெளியூர் போயிருந்தார்.

தெப்பத்துக்கு அடியில் கயிறு முடியப் போன முனுசாமி வெளியே வரவில்லை. முதலில் யாரும் கவலைப்படவில்லை. மூச்சடக்குவதில் அவன் சூரன். கயிறு காலில் சிக்கிக்கொண்டதென்று அவன் கூட்டாளிகளுக்குத் தோன்றி, குதித்து, அறுத்து, இழுத்து வந்து படியில் போட்டபோது அவன் மூச்சில்லாமல் துணிமூட்டை மாதிரி கிடந்தான். கஞ்சிச் சட்டி படிப்படியாக உருண்டு தண்ணீரில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆளாளுக்குக் கத்தினார்கள். "தலைகீழா தூக்கிக் கட்டுங்கடா!" என்றான் ஒருவன். "பீப்பா மேல போட்டு உருட்டு, தண்ணி வந்துரும்" என்று இன்னொருவன் பீப்பாயையே உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் முனுசாமியின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நாடி மெலிதாக இருந்தது. "உசுரு இருக்குது! மாணிக்கம், ஆரம்பி!" என்று கூவினேன். மாணிக்கம் அவனைக் குப்புறப் போட்டு, தலைமாட்டில் மண்டியிட்டு, முதுகில் கையை வைத்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"அமுக்குடா!"

மாணிக்கம் நிமிர்ந்து பார்த்தான். "ண்ணா, எங்க அமுக்கறதுன்னு இவன் ஒண்ணுமே சொல்லமாட்டேன்றான்ணா!"

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு வாய்த்த பிணம் பேசுகிற பிணம். மேலே, கீழே, மெதுவாக, பலமாக என்று அது சொல்லச் சொல்லச் செய்தே பழகியவர்கள் நாங்கள். வாய் பேசாத உடம்பு ஒன்றின் மேல் கை வைப்பது எங்களில் யாருக்குமே அதுதான் முதல் தடவை. நானும் மரம் மாதிரி நின்றேன். அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு டெட்பாடியார் வந்தார். அவர் முனுசாமியைத் தொடுவார், மாணிக்கத்தைத் தள்ளிவிட்டுத் தானே செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. அவருக்குச் செய்து பழக்கமே கிடையாதே. அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். முனுசாமிக்குப் பக்கத்தில், ஈரப் படியில், அவன் கிடந்த மாதிரியே குப்புறப் படுத்தார்.

"அவன் சொல்லமாட்டான் மாணிக்கம். அவனுக்கும் சேத்து நான் சொல்றேன். கிளார்க்கு, அவன் வாய்ல சேறு இருக்குதா பாரு, வழிச்சி எடு. ம். மாணிக்கம், என் முதுகு நெனப்பு இருக்குதில்ல? அதே எடம். அமுக்கு. நான் மூச்சு உடும்போது அமுக்கு. நான் இழுக்கும்போது தூக்கு."

பெரிதாக மூச்சு விட்டார். மாணிக்கம் அழுத்தினான். அவர் இழுத்தார், மாணிக்கம் தூக்கினான். படித்துறை முழுவதும் சத்தம் அடங்கி, அவர் மூச்சு மட்டும் துருத்தி மாதிரி கேட்டது. இரண்டு பேர் அக்கம்பக்கமாகக் கிடந்தார்கள். ஒருவர் மூச்சு விட, இன்னொருவன் உடம்பு ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வெயில் ஒரு படி இறங்கியிருந்தது. மாணிக்கத்தின் இடது கை மெல்ல விலகத் தொடங்கிற்று.

"சுத்தாதேடா!" முகத்தைக்கூடத் தூக்காமல் டெட்பாடியார் அலறினார். "சேலை இன்னும் முடியல! நெய்யி!"

மாணிக்கம் அழுதுகொண்டே நெய்தான். கொஞ்சம் கழித்து முனுசாமியின் தொண்டையில் ஏதோ கரகரத்தது. வாயிலிருந்து தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் மாணிக்கம் பழக்க தோஷத்தில், "ண்ணா, சரியா அமுக்கிட்டேன்ணா!" என்று கத்தினான். முனுசாமி இருமினான், வாந்தி எடுத்தான், மூச்சு வாங்கினான். அவன் பெண்சாதி அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு அவனையே அடி அடியென்று அடித்தாள்.

அதற்குள் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தவர்கள், எழுந்து உட்கார்ந்திருந்த முனுசாமியை விட்டுவிட்டு, களைத்துப்போய்க் கண்மூடிக் கிடந்த நீலக்கைக்காரரைத் தூக்கினார்கள். "கழுத்து! கழுத்து! கழுத்தப் புடிங்கய்யா!" என்று ஒரு கத்தல். பிடித்தவர்கள் அவரை அப்படியே போட்டுவிட்டு இரண்டு படி பின்வாங்கினார்கள். அப்போதுதான் படித்துறையே சிரித்தது. நான் சிரிப்பும் அழுகையுமாகப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் திரும்பிய ஆபீசர் விஷயம் கேட்டு, பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஒரு பேட்ஜை எடுத்துக்கொண்டு டெட்பாடியார் வீட்டுக்கே போனார். "வாணாம் சார். குப்புறப் படுக்கற ஆளு நான், ஊசி மார்ல குத்தும்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்து படுத்தார். ஒரே ஒரு மாற்றம். இனிமேல் வகுப்பில் பாதி நேரம் பிணம் பேசாது என்று அவரே சட்டம் போட்டார். "நான் இல்லாத எடத்துல இன்னாபா பண்ணுவீங்க?" என்றார். வாயை மூடிக்கொண்டு கிடப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. தப்பாக அழுத்தும்போதெல்லாம் காது சிவந்து துடிக்கும். ஆனாலும் பேசமாட்டார். எங்களுக்காக அந்த மனிதர் செய்த பெரிய தியாகம் அதுதான் என்பேன்.

அவர் நிஜமாகவே போனது பல வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. தூக்கத்திலேயே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வழியில்லை, அன்றைக்கு அவருக்கு வகுப்பு. எங்கள் படையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தோம். தாமலிலிருந்து முனுசாமி பெண்சாதி பிள்ளைகளோடு வந்திருந்தான். டெட்பாடியார் வாசலில் மல்லாந்து கிடந்தார். நகத்தில் கடைசியாகக் காய்ச்சிய அரக்கு அப்படியே இருந்தது.

தூக்குகிற நேரம் வந்தது. முனுசாமி கால்மாட்டுக்குப் போனான். மாணிக்கமும் நானும் தலைமாட்டில் குனிந்தோம். அதுவரை அழுதுகொண்டிருந்த பட்டம்மாள் சட்டென்று நிறுத்தி, "கழுத்தப் பாத்துப் புடிங்கப்பா" என்றார்.

பார்த்துத்தான் பிடித்தோம். மாணிக்கம் தலையை ஏந்தினான், நான் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்தேன். தூக்கி நிமிர்ந்ததும் ஒருவரும் அடி எடுத்து வைக்கவில்லை. எதற்காகவோ எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம்.

"அண்ணன் ஒண்ணுமே சொல்லமாட்டேன்றாரே" என்றான் மாணிக்கம், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

சரியாகத்தான் தூக்கியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டு நடந்தோம்.